உறைநிலமும் நிலச்சரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம் சூடேறும்போது மலைச்சரிவுகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் நான் ஆராயும் விஷயம். இதைப் பற்றி எங்கே பேசினாலும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. மாணவர்கள், செய்தியாளர்கள், மலையேறுகிறவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பெர்மாஃப்ராஸ்ட் என்பது என்ன? பனியாறும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. விழுந்த பனி ஆண்டுக்கணக்கில் இறுகி, தன் எடையாலேயே மெல்ல வழிந்து இறங்குவது பனியாறு. அதை நேரில் பார்க்கலாம். பெர்மாஃப்ராஸ்ட் நிலத்துக்குள் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் எந்த நிலமும் பெர்மாஃப்ராஸ்ட்தான். அது மண்ணாக இருக்கலாம், சரளையாக இருக்கலாம், கெட்டிப் பாறையாகவும் இருக்கலாம். இந்தப் பதில்களில் அதை உறைநிலம் என்றே சொல்கிறேன்.

இந்த வரையறையில் வெப்பநிலை மட்டும்தான் இருக்கிறது, பனிக்கட்டி பற்றிய பேச்சே இல்லை. அதனால் துளி ஐஸ் இல்லாத வறண்ட பாறையும் உறைநிலம்தான், பாதிக்கு மேல் ஐஸாக இருக்கும் மண்ணும் உறைநிலம்தான். நிலச்சரிவு என்று வரும்போது இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓர் இடத்தில் உறைநிலம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதில் பனிக்கட்டி எவ்வளவு என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அது எங்கெல்லாம் இருக்கிறது?

சைபீரியா, அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்தின் கரையோரங்கள், திபெத்தியப் பீடபூமி ஆகிய இடங்களில் பெரும் பரப்பில் இருக்கிறது. ஆல்ப்ஸ், இமயமலை, ஆண்டிஸ், நார்வே மலைகளில் உயரமான பகுதிகளில் திட்டுத் திட்டாக இருக்கிறது. வட அரைக்கோளத்தின் நிலப்பரப்பில் சுமார் 15 சதவீதத்துக்கு அடியில் உண்மையிலேயே உறைந்த நிலம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆழமும் இடத்துக்கு இடம் மாறும். தெற்கு விளிம்புகளில் சில மீட்டர்தான். சைபீரியாவின் சில பகுதிகளில் 1,000 மீட்டருக்கும் மேல் போகிறது.

மேற்பரப்பு அப்படியே உறைந்து கிடப்பதில்லை. கோடையில் மேலே உள்ள அரை மீட்டரோ சில மீட்டரோ உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். கோடையில் இளகும் இந்த மேலடுக்கு எவ்வளவு ஆழம் போகிறது என்பது எங்கள் துறையில் ஆண்டுதோறும் கவனிக்கப்படும் அளவு.

இதற்கும் நிலச்சரிவுக்கும் என்ன சம்பந்தம்?

உறைந்த சரிவில் பனிக்கட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, மண் துகள்களையும் பாறை வெடிப்புகளையும் சிமென்ட் போலப் பிடித்து வைக்கிறது. இரண்டாவதாக, தண்ணீர் உள்ளே நுழையும் வழிகளை அடைத்து வைக்கிறது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. பனிக்கட்டியே அந்த நிலத்தின் ஒரு பகுதியாக இடத்தை நிரப்பி நிற்கிறது. வடக்கில் பல இடங்களில், மண்ணின் துளைகள் கொள்ளக்கூடிய நீரைவிடப் பல மடங்கு பனிக்கட்டி பட்டைகளாகவும் ஆப்புகளாகவும் மண்ணுக்குள் கிடக்கிறது.

அது உருகினால் மூன்றும் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போகின்றன. பிடிப்பு போகிறது. வழிகள் திறந்து மழைநீரும் பனி உருகிய நீரும் உள்ளே இறங்குகின்றன. மண்ணால் கொள்ள முடியாத உபரி நீர், மேலே உள்ள எடையைத் தானே தாங்கத் தொடங்குகிறது. நீர் எடையைத் தாங்கும்போது துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வு குறைந்துவிடும். சரிவைப் பிடித்து நிறுத்தியிருந்ததே அந்த உராய்வுதான். போதாக்குறைக்கு, அடியில் இன்னும் உறைந்திருக்கும் அடுக்கு தண்ணீரைக் கீழே வடிய விடாது. ஈர மண்ணுக்கு அடியில் வழுக்கும் ஐஸ் தளம் ஒன்று தயாராகிவிடுகிறது. இந்த நிலையில் நான்கைந்து டிகிரி மட்டுமே சாய்ந்த நிலம்கூட நழுவியிருக்கிறது.

பாறை மலையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே வெடிப்புகளுக்குள் தேங்கும் நீரின் அழுத்தம் பெரிய பங்கு வகிக்கிறது. வெடிப்பில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் அடியில் பாறையைப் பக்கவாட்டில் தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் அளவுக்கு இருக்கும். நூறு மீட்டர் என்றால் பத்து மடங்கு. இதற்கு முன் அந்த வெடிப்பில் இருந்தது அசையாத பனிக்கட்டி.

பனிக்கட்டி உருகிய பிறகுதானே சரிவு நடக்கும்? உருகாதவரை பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பனிக்கட்டியின் வலிமை வெப்பநிலையைப் பொறுத்தது. மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியும் மைனஸ் 1 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் தாங்கும் திறனில் இரண்டும் வேறு வேறு பொருட்கள். பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பனிக்கட்டி எடையைத் தாங்காமல் நெகிழ்ந்து ஊர ஆரம்பிக்கிறது. பாறைக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உள்ள ஒட்டும் தளர்கிறது. ஐஸ் நிரம்பிய வெடிப்புகளை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. மைனஸ் 1.5 டிகிரிக்கும் பூஜ்யத்துக்கும் இடைப்பட்ட நிலையில் ஒரு வெடிப்பு, முழுக்க உருகிய நிலையில் இருப்பதைவிடவும் பலவீனமாக இருக்க முடியும். முழுக்க உருகி நீர் வடிந்துவிட்டால் பாறையும் பாறையும் நேருக்கு நேர் உரசிப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அரைகுறையாக இளகிய ஐஸ் நடுவில் இருக்கும்போது அந்த உரசலும் கிடைப்பதில்லை, பழைய ஒட்டும் மிஞ்சுவதில்லை.

களிமண்ணில் இன்னும் நுட்பமாக நடக்கிறது. மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு டிகிரியில்கூடக் களிமண் துகள்களைச் சுற்றி உறையாத நீர் மெல்லிய படலமாக இருந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை ஏற ஏற அந்தப் படலம் தடிக்கிறது. வரையறைப்படி நிலம் உறைந்தே இருக்கிறது, ஆனால் உள்ளே வழுக்கத் தொடங்கிவிட்டது.

அப்புறம், வெப்பமானியை மட்டும் பார்த்தால் ஏமாறும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ நீரை 80 டிகிரி சூடேற்றிவிடலாம். அவ்வளவு வெப்பத்தை உருகுதல் விழுங்குகிறது. அதனால் மைனஸ் 5-லிருந்து மைனஸ் 1 வரை மளமளவென்று ஏறிய நிலம், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். வரைபடத்தில் கோடு தட்டையாக இருப்பதைப் பார்த்து நிலைமை சீராகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சமயத்தில் வந்துசேரும் வெப்பம் முழுவதும் உள்ளே பனிக்கட்டியை நீராக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சரிவைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுவது அதன் வெப்பநிலைக் கோடு தட்டையாக இருக்கும் ஆண்டுகளில்தான்.

உறைநிலத்தில் எந்த மாதிரிச் சரிவுகள் நடக்கின்றன?

பல வகை. அளவிலும் வேகத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

வடக்குச் சமவெளிகளில் அதிகம் பேசப்படுவது பின்னோக்கித் தின்றுகொண்டே போகும் உருகுசரிவு. ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ எங்கோ ஓரிடத்தில் மண் அரித்து, பனிக்கட்டி வெயிலில் வெளிப்பட்டுவிடுகிறது. அது உருகுகிறது, மேலே உள்ள மண் சேறாகச் சரிந்து ஓடிவிடுகிறது, புதிய பனிக்கட்டிச் சுவர் வெளிப்படுகிறது. கோடை முழுக்க இப்படியே போய், குளிர்காலத்தில் நின்று, அடுத்த கோடையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ரஷ்யாவின் சகா குடியரசில் உள்ள பட்டகாய் உருகுசரிவுதான் இதில் உலகிலேயே பெரியது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காடு வெட்டப்பட்ட இடத்தில் ஒரு சிறு பள்ளமாகத் தொடங்கியது, இன்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெருத்து நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் பனிக்கட்டியும் மண்ணும் அதிலிருந்து போய்க்கொண்டிருப்பதாக 2024-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதன் அடியில் வெளிப்பட்டிருக்கும் உறைமண் சுமார் 6.5 லட்சம் ஆண்டுகள் பழையது. பல வெப்பக் காலங்களைத் தாண்டி வந்த மண், மரங்களை அகற்றியதால் இளகிக்கொண்டிருக்கிறது.

கனடாவின் பேங்க்ஸ் தீவு பட்டகாய் அளவுக்குப் பிரபலமில்லை, ஆனால் என் பார்வையில் அதைவிட முக்கியம். அங்கே 1984-க்கும் 2015-க்கும் இடையில் உருகுசரிவுகளின் எண்ணிக்கை 60 மடங்கு கூடியது, 4,000-ஐத் தாண்டியது. யாரும் காடு வெட்டவில்லை, சாலை போடவில்லை. 1998, 2010, 2011, 2012 ஆகிய சில வெப்பமான கோடைகளைத் தொடர்ந்து பெரும்பாலானவை உருவாகின. சராசரி வெப்பநிலை மெல்ல ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதை அந்தத் தீவு காட்டிவிட்டது. ஒரே ஒரு கடும் கோடை போதும்.

இரண்டாவது வகையில் மேலடுக்கு மட்டும் உரிந்து நழுவும். கனமழைக்குப் பிறகோ வேகமான உருகலுக்குப் பிறகோ, ஒரு மீட்டருக்கும் குறைவான தடிமனில் புல்லோடும் பாசியோடும் ஒரு பெரிய துண்டு உறைந்த தளத்தின் மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, மெதுவாக ஊர்ந்து வரும் உறைந்த இடிபாட்டு நாக்குகள். அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மண், கல், மரம், ஐஸ் எல்லாம் கலந்து, காட்டையே சாய்த்துக்கொண்டு பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகின்றன. நான்காவது, உயர்ந்த மலைகளின் பாறைச் சரிவுகள். அவற்றைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் பாறைச் சரிவுகளுக்கும் இதுதான் காரணமா?

பலவற்றில் இதற்குப் பங்கு உண்டு. 2003-ஆம் ஆண்டு ஐரோப்பாவைக் கடும் வெப்ப அலை தாக்கியபோது மேட்டர்ஹார்ன் சிகரத்தின் வழக்கமான ஏறுபாதையில் பாறை சரிந்தது. விழுந்த இடத்தில் பாறைக்குள்ளிருந்த பனிக்கட்டி பளிச்சென்று வெளிப்பட்டிருந்தது. அந்தக் கோடையில் ஆல்ப்ஸ் முழுக்க இதே மாதிரிச் சிறு சரிவுகள் நிறைய நடந்தன. 2005 ஜூனில் மோன் பிளாங்க் பகுதியில் ட்ரூ சிகரத்தின் மேற்கு முகத்திலிருந்து மலையேறிகள் போற்றிய போனாட்டி தூண் முழுவதுமாக விழுந்துபோனது. 2017 ஆகஸ்ட் 23 அன்று சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் செங்காலோவில் சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்து, பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த எட்டுப் பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த சேற்று வெள்ளம் போண்டோ கிராமத்துக்குள் புகுந்தது.

வெயில் சுட்டதும் சரிவது பெரும்பாலும் சின்னச் சரிவுகள்தான். மேற்பரப்பிலிருந்து சில மீட்டர் ஆழத்துக்குள் நடப்பவை அவை. பெரிய சரிவுகளின் வேர் பல பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும். அந்த ஆழத்துக்கு வெப்பம் போய்ச் சேர ஆண்டுகளோ பல பத்தாண்டுகளோ ஆகும்.

அப்படியானால் குளிர்காலத்திலும் சரிவு நடக்குமா?

நடக்கும். பாறையில் 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடையின் வெப்பம் போய்ச் சேர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகிவிடுகிறது. வெளியே உறைபனி கொட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஆண்டின் அதிகபட்ச வெப்பநிலை இருக்கும். மேற்பரப்பு இறுகி உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடுவதும் உண்டு.

இமயமலையில் நிலைமை என்ன?

உயர்ந்த மலை, செங்குத்தான சரிவு, நிலநடுக்கம், பருவமழை, அடிவாரத்தில் நீர்மின் திட்டங்கள். உறைநிலம் இளகினால் பாதிப்பு அதிகமாக இருக்க எல்லாக் காரணங்களும் அங்கே ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஆனால் துளையிட்டு வெப்பநிலை அளக்கும் இடங்கள் ஆல்ப்ஸுடன் ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. இது என்னை உறுத்தும் விஷயம்.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரொந்தி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. முதலில் ஏரி உடைந்தது என்று செய்தி பரவியது, ஆனால் அங்கே அப்படி ஏரியே இல்லை. விழுந்ததில் ஏறக்குறைய 80 சதவீதம் பாறை, 20 சதவீதம் பனிக்கட்டி. ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே விழுந்த வேகத்தின் உராய்வு வெப்பத்திலேயே பனிக்கட்டி உருகி, பாறைச் சரிவு நீரும் சகதியுமான வெள்ளமாக மாறியது. ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள்.

2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமில் நடந்தது இன்னும் நேரடியான உதாரணம். தெற்கு லோனக் ஏரியின் பக்கவாட்டில், பனியாறு விட்டுச்சென்ற இடிபாட்டு மேடு உறைந்த நிலையில் நின்றிருந்தது. அதிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். அது ஏரியின் கரையை உடைத்து, தீஸ்தா நதியில் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணையைக் கொண்டுபோனது. பனியாற்று ஏரிகளைக் கணக்கெடுக்கிறோம், அவற்றின் பரப்பளவு கூடுகிறதா என்று பார்க்கிறோம். ஏரிக்கு மேலே நிற்கும் உறைந்த மேடு எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மலைச்சரிவு கடலில் விழுந்தால்?

சுனாமி வரும். 2017 ஜூன் 17 அன்று மேற்குக் கிரீன்லாந்தின் கார்ராட் ஃபியோர்டில் (ஃபியோர்டு என்பது செங்குத்தான மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல் நீட்டம்) ஒரு மலைச்சரிவு கடலுக்குள் இறங்கியது. எழுந்த அலை நூகாட்சியாக் என்ற சிறு குடியிருப்பைத் தாக்கி நான்கு பேரைக் கொன்றது. அந்தச் சரிவில் உறைநிலம் பலவீனமடைந்ததன் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அருகிலேயே நிலையற்ற சரிவுகள் இன்னும் இருப்பதால், தப்பியவர்கள் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

எந்தச் சரிவு நடந்தாலும் உறைநிலம்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது. ஒரு மலை சரிய ஒரே காரணம் இருப்பது அபூர்வம். பாறையின் அமைப்பு, வெடிப்புகளின் சாய்வு, பழைய நிலநடுக்கங்கள், மழை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தயார்ப்படுத்துகின்றன. 2023 செப்டம்பர் 16 அன்று கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் 2.5 கோடி கன மீட்டர் பாறை விழுந்து, 200 மீட்டர் உயர அலை எழுந்து, அதன் அதிர்வு ஒன்பது நாட்கள் உலகம் முழுக்க நிலநடுக்கக் கருவிகளில் பதிவானது. அங்கே முக்கியக் காரணம் மலையின் அடியைத் தாங்கியிருந்த பனியாறு மெலிந்துபோனது. அலாஸ்காவின் பாரி ஆர்ம் பகுதியிலும் சரிவுக்கு முட்டுக்கொடுத்த பனியாறு பின்வாங்கியதுதான் முதன்மையான கவலை.

விழுந்த இடத்தில் பனிக்கட்டி தெரிந்ததா, அந்த உயரத்தில் அந்தத் திசை பார்த்த சரிவில் நிலத்தின் வெப்பநிலை என்னவாக இருந்திருக்கும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் நகர்வு எப்படி இருந்தது, மழையோ நிலநடுக்கமோ இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். சரிவு நடந்த அன்றே காரணம் கேட்கும் செய்தியாளர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். உறைநிலம் உண்மையிலேயே செய்கிற சேதம் போதுமான அளவு இருக்கிறது, அதன் கணக்கில் மற்றவற்றையும் எழுதினால் நம்பகத்தன்மைதான் போகும்.

நிலத்துக்குள் நடப்பதை எப்படி அளக்கிறீர்கள்?

அடிப்படை கருவி ஆழ்துளைதான். நிலத்தில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் வெப்ப உணரிகளை இறக்கி, ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். சுவிட்சர்லாந்தின் முர்த்தேல்-கோர்வாட்ச் துளையில் 1987 முதல் அளந்துவருகிறார்கள். இப்படி உலகம் முழுக்க உள்ள துளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 2007-க்கும் 2016-க்கும் இடையிலான பத்தாண்டில் உறைநிலத்தின் வெப்பநிலை சராசரியாக ஏறக்குறைய 0.3 டிகிரி ஏறியிருந்தது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் மைனஸ் 1 டிகிரியில் நிற்கும் ஒரு சரிவுக்கு 0.3 டிகிரி எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம்.

துளை ஓர் இடத்தைத்தான் சொல்லும். சுற்றியுள்ள இடத்தை அறிய மின்தடை அளவீடு செய்கிறோம். நிலத்தில் மின்முனைகளை வரிசையாக நட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், பனிக்கட்டி மின்சாரத்தை எதிர்க்கும், நீர் எளிதாகக் கடத்தும். அதை வைத்து உள்ளே எது உறைந்திருக்கிறது, எது இளகிவிட்டது என்று ஒரு குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும். ஒரே இடத்தில் இதை ஆண்டுதோறும் செய்தால் பனிக்கட்டி குறைந்துவருவது அப்படியே தெரியும். மேற்பரப்பின் அசைவைப் பார்க்க ஜிபிஎஸ், லேசர் வருடல், ட்ரோன் படங்கள், அப்புறம் செயற்கைக்கோள் ரேடார். 2014 முதல் பறக்கும் சென்டினல்-1 ரேடாரின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சில மில்லிமீட்டர் நகர்வுகூடத் தெரியும்.

செயற்கைக்கோளே இவ்வளவு சொல்லும்போது துளை எதற்கு?

ரேடார் நிலம் நகர்ந்ததைச் சொல்லும். ஏன் நகர்ந்தது, உள்ளே எத்தனை டிகிரி என்பதைச் சொல்லாது. செங்குத்தான மலை முகங்களில் ரேடாருக்குத் தெரியாத பகுதிகளும் உண்டு. துளை போடுவது செலவு பிடித்த வேலை, முதல் சில ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காது. நிதி கொடுப்பவர்கள் மூன்று ஆண்டுகளில் முடிவை எதிர்பார்க்கிறார்கள், நிலமோ முப்பது ஆண்டுகளில்தான் பேசுகிறது. இன்று நீண்ட தொடர் பதிவு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும், உடனடிப் பலன் இல்லாதபோதும் கருவியைப் பழுதுபார்த்துக்கொண்டே இருந்த யாரோ சிலர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

எப்போது சரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எங்கே சரியலாம் என்பதை ஓரளவு சொல்லலாம். எப்போது என்பது, சரிவு வேகமெடுத்த பிறகுதான் கொஞ்சம் பிடிபடும். பெரிய பாறைச் சரிவுகள் விழுவதற்கு முன் நாளுக்கு நாள் வேகம் கூடி நகரும். வேகத்தின் தலைகீழ் மதிப்பை, அதாவது 1-ஐ வேகத்தால் வகுத்தால் கிடைப்பதை, நாள்வாரியாக வரைந்தால் கோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அது பூஜ்யத்தைத் தொடும் நாளுக்கு அருகில் சரிவை எதிர்பார்க்கலாம்.

நார்வேயின் வெஸ்லமன்னன் என்ற மலைச்சரிவு இதற்கு அருமையான உதாரணம். 2014 முதல் ரேடார் வைத்துக் கண்காணித்தார்கள். ஒவ்வொரு முறை வேகம் கூடியபோதும் கீழே இருந்த வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள், மொத்தம் 16 முறை. முதல் 15 முறையும் மலை நின்றுவிட்டது. கடைசியில் 2019 செப்டம்பர் 5 அன்று விழுந்தது, ஒருவருக்கும் காயமில்லை. முதல் 15 வெளியேற்றங்களை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் குடும்பங்கள் திரும்பத் திரும்ப வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய பொறுமையும் அந்த எச்சரிக்கை அமைப்பின் ஒரு பகுதிதான்.

2025-ல் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்திலும் எச்சரிக்கை உயிர்களைக் காத்தது. க்ளைனஸ் நெஸ்ட்ஹார்ன் மலையிலிருந்து பாறைகள் பிர்ச் பனியாற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தன. மே 19 அன்று சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள். மே 28 அன்று பாறைச் சுமையோடு பனியாறே சரிந்து கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. ஒருவர் இறந்தார். ஊரில் எல்லோரும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டு இடங்களிலும் மலையை யாரோ ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமோலியில் அப்படி யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

தடுத்து நிறுத்த வழி இருக்கிறதா?

பெரிய சரிவைத் தடுக்க முடியாது. கட்டுமானங்களுக்கு அடியில் நிலத்தைக் குளிராக வைக்க வழிகள் உண்டு. 1977-ல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அலாஸ்கா குழாய்வழியில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூண்களில் போகிறது. அந்தத் தூண்களில் பலவற்றில் குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை உறிஞ்சி வெளியே விடும் குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. 2006-ல் லாசா வரை திறக்கப்பட்ட சிங்ஹாய்-திபெத் ரயில்பாதையிலும் இதே உத்தியோடு, காற்றோட்டம் விடும் உடைகல் மேடுகளையும் பயன்படுத்தினார்கள்.

சரிவு வரும் வழியில் இருப்பவற்றுக்கு, விலகிப்போவதுதான் பெரும்பாலும் நல்ல வழி. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையை உறைந்த இடிபாட்டு நாக்கு ஒன்று நெருங்கியபோது, 2018-ல் சாலையின் அந்தப் பகுதியையே தள்ளிப் போட்டார்கள். டெனாலி தேசியப் பூங்காவில் பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் சாலை 2014-க்கு முன் ஆண்டுக்குச் சில அங்குலம் நகர்ந்தது. 2017-ல் மாதத்துக்குச் சில அங்குலம், 2018-ல் வாரத்துக்கு, 2019-ல் நாளுக்கு, 2021-ல் மணிக்கு 0.65 அங்குலம் வரை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே சாலையை மூடிவிட்டுப் பாலம் கட்ட முடிவெடுத்தார்கள். அந்த வரிசையை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏழெட்டு ஆண்டுகளில் ஒரு சரிவு எப்படி மாற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரியாது.

காட்டுத்தீக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. வடக்கில் பாசியும் மக்கிய இலைதழையும் சேர்ந்த மேல்போர்வைதான் உறைநிலத்தைக் கோடை வெயிலிலிருந்து காக்கிறது. தீ அதை எரித்துவிட்டால் அடுத்த பல ஆண்டுகளுக்குக் கோடை வெப்பம் ஆழமாக இறங்கும். தீ அணைந்தபோது ஒழுங்காக இருந்த சரிவு சில கோடைகள் கழித்து நழுவலாம்.

ஒருமுறை சரிந்த இடம் மறுபடி உறையுமா?

சின்ன உருகுசரிவுகளில் உண்டு. விழுந்த சேறே பனிக்கட்டிச் சுவரை மூடிவிட்டால் உருகல் நின்று, செடி முளைத்து, அடியில் நிலம் திரும்ப உறையும். பிறகு வெப்பமான ஒரு கோடையோ ஆற்று அரிப்போ வந்தால் அதே இடம் மறுபடி திறந்துகொள்ளும். ஆனால் மறுபடி உறைந்தாலும் போன ஆப்புப் பனிக்கட்டி திரும்ப வராது. அது சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது.

உறைநிலத்திலிருந்து கார்பன் வெளிவருவது பற்றி நிறையப் படிக்கிறோம். நிலச்சரிவுக்கு அதில் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது. வட உறைநிலப் பகுதி மண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன், அதாவது ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் கரிமக் கார்பன் இருக்கிறது. இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்ல மேலிருந்து இளகினால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வெளிப்படும். உருகுசரிவோ ஒரே கோடையில் பல மீட்டர் ஆழத்தைத் திறந்துவிடுகிறது. அந்த மண் ஓடைகளில் கலந்து தண்ணீரைக் கலங்கடிப்பது மீன்களையும் பாதிக்கிறது. கனடாவின் பீல் பீடபூமியில் ஓடைகள் பல ஆண்டுகளாகச் சேறாகவே ஓடுகின்றன.

அங்கே வாழும் மக்களிடம் கேட்கிறீர்களா, கருவிகளை மட்டும்தான் நம்புகிறீர்களா?

கேட்காமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வடமேற்குக் கனடாவில் குவிச்சின், இனுவியாலுயிட் மக்கள் தலைமுறைகளாக அதே ஆறுகளில் பயணம் செய்பவர்கள். எந்தக் கரை எப்போது இடிந்தது, எந்த ஓடை எந்த ஆண்டிலிருந்து கலங்கலாக வருகிறது என்பது செயற்கைக்கோள் படங்கள் தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்கும் அவர்களுக்குத் தெரியும். ஆய்வின் முடிவும் முதலில் அவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அந்தச் சரிவின் கீழே குடியிருப்பவர்கள் அவர்கள்.

உயர் மலைகளில் ஏறுகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பழைய வழிகாட்டிக் குறிப்புகளை அப்படியே நம்ப வேண்டாம், அவை எழுதப்பட்டபோது இருந்த மலை இன்று இல்லை. வெப்ப அலைக்குப் பின், கனமழைக்குப் பின் பாறை முகங்களுக்கு அடியில் தங்க வேண்டாம். புதிதாகப் பெயர்ந்த வெளிர் நிறப் பாறை, அதில் ஐஸ் பளபளப்பு, வறண்ட நாளில் பாறையிலிருந்து கசியும் நீர் இவற்றைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். பார்த்ததைப் படம் பிடித்து அங்குள்ள மீட்புக் குழுவிடமோ புவி அறிவியல் துறையிடமோ சொல்லுங்கள். மோன் பிளாங்க் பகுதியில் நடந்த பாறைச் சரிவுகளின் பட்டியலில் கணிசமான பகுதி மலை வழிகாட்டிகளும் மலைக்குடில் காவலர்களும் தெரிவித்த தகவலால் உருவானது.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

நிலவியல், இயற்பியல், குடிசார் பொறியியல், தொலையுணர்வு, புவியியல் என எதிலிருந்தும் வரலாம். வெப்பம் எப்படிப் பரவுகிறது, மண் எப்படி வலிமை இழக்கிறது என்ற இரண்டையும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேச உறைநிலச் சங்கம் 1983 முதல் இயங்குகிறது, இளம் ஆய்வாளர்களுக்கான வலைப்பின்னலும் இருக்கிறது. உலகத் துளைகளின் வெப்பநிலைப் பதிவுகளும் சென்டினல் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பனியையே பார்க்காத ஊரில் இருந்தும் முதல் ஆய்வைத் தொடங்கிவிடலாம். குறிப்பாக இமயமலையில், யாரும் இன்னும் ரேடார் படங்களை ஒப்பிட்டுப் பார்க்காத பள்ளத்தாக்குகள் ஏராளம்.